ஓடைக்கரைக் கொக்கு

பால்காரர் ஊற்றுகிற பாலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று ஊரில் எல்லாரும்தான் சந்தேகப்படுவார்கள். ஆயிஷா பீவி அந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பது வரைக்கும் போவாள். லப்பைக்குடிக்காட்டில் அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு கோழி முட்டையிட்டால், அது யார் வீட்டுக் கோழி, தன் வீட்டை விட்டுவிட்டு ஏன் இங்கே வந்து இட்டது, இதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தீர விசாரித்துவிட்டுத்தான் முட்டையைக் கையால் தொடுவாள். தொட்ட முட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வேறு பார்ப்பாள்.

இதில் அவளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஊரில் பாதி ஆண்கள் சபுராளிகள். அரபு நாடுகளுக்குச் சம்பாதிக்கப் போகிறவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார்கள், இரண்டு மாதம் இருப்பார்கள், போய்விடுவார்கள். நடுவில் அங்கே என்ன செய்கிறார்கள், யாரோடு இருக்கிறார்கள் என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். ஆயிஷாவின் சின்னம்மா வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் பினாங்கில் கடை வைத்திருந்தவர். அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது அவர் மவுத்தாகி அடக்கம் செய்த பிறகுதான் இங்கே தெரிந்தது. சின்னம்மா அழக்கூட இல்லை. "ஒரு தடவையாவது மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கலாம்டி" என்று மட்டும் சொன்னாள். அப்போது ஆயிஷாவுக்குப் பாவாடை கட்டுகிற வயது. அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்தது, எழுந்திருக்கவே இல்லை.

அவளுக்கு வாய்த்த ஹுமாயூனும் சபுராளிதான். கல்யாண மருதாணிச் சிவப்பு மங்குவதற்குள் பம்பாய்க்கு ரயிலேறி, அங்கிருந்து மஸ்கட்டுக்குக் கப்பலேறினார். எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் பாலைவனக் கேம்பில் சமையல் வேலை. மகள் பிறந்ததை அவருக்குத் தந்தியில் சொன்னார்கள். இரண்டு வருஷத்துக்கொரு லீவில் வந்து போனது தவிர, ஒரு நல்லது கெட்டதுக்கு ஆள் நேரில் நின்றது அந்த மகள் கல்யாணமாகித் திருச்சிக்குப் போகும்போதுதான். அதற்கப்புறம் வீட்டில் ஆயிஷா மட்டும்தான். பேச ஆளில்லாமல் பூட்டைப் பார்த்துப் பேசுகிற நாள்கூட உண்டு.

அவர் பெட்டி வந்து இறங்கினால் தெருப் பெண்கள் அத்தர் பாட்டிலையும் டார்ச் லைட்டையும் பார்ப்பார்கள். இவள் சட்டைப் பொத்தானைப் பார்ப்பாள். பொத்தான் புதிதாகத் தைத்திருந்தால் தைத்தது யார்? முடிச்சு பொம்பளை போட்டது மாதிரி இருக்கிறதே? சமையல்காரருக்குப் பொத்தான் தைக்கத் தெரியாதா என்று அவளுக்குத் தோன்றவே தோன்றாது. ஹுமாயூனும் விளக்கம் சொல்லமாட்டார். கேட்டால் சிரிப்பார், இல்லாவிட்டால் சும்மா இருப்பார். சந்தேகக்காரிக்கு இப்படி ஒரு வாயில்லாப் புருஷன் அமைந்தால் அந்த வீடு எப்படி விளங்கும்?

எண்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசி மழையோடு அவர் வந்தபோது பெட்டியோடு நீளமாக ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே மூன்று துண்டாக ஒரு கம்பு, ராட்டினம் போல ஒரு சக்கரம், அதில் சுற்றிய பச்சைக் கயிறு. கூடவே ஒரு தகரப்பெட்டி.

"இது என்னங்க?"

"மீன் புடிக்கிற கம்பு."

"மீனா? நீங்களா? மார்க்கெட்ல அயிர மீனுக்கும் கெண்டைக்கும் வித்தியாசம் தெரியாம வாங்கிட்டு வர்றவரு ஆச்சே."

வழக்கத்துக்கு மாறாக ஹுமாயூன் அன்றைக்குப் பேசினார். கேம்பில் ஒரு ஸ்காட்லாந்துக்கார இஞ்சினியர் இருந்தாராம். அவர் ஊரில் மலை ஓடைகளில் இந்தக் கம்பை வைத்துத்தான் மீன் பிடிப்பார்களாம். புழு கிடையாது, மாவு உருண்டை கிடையாது. கோழி இறகையும் முடியையும் நூலால் தூண்டில் முள்ளில் கட்டி ஈ மாதிரி செய்து, அதைத் தண்ணீர் மேல் பூப்போல விழ வைப்பார்களாம். நிஜ ஈ என்று நம்பி மீன் வந்து கவ்வுமாம். பாலைவனத்தில் தண்ணீருக்கு எங்கே போவது? அந்தத் துரை தினமும் சாயங்காலம் வெறும் மணலில் ஒரு பீங்கான் தட்டை வைத்து, அதைப் பார்த்துக் கயிற்றை வீசுவாராம். டீ கொண்டு போன ஹுமாயூன் நின்று பார்ப்பார். வருஷக்கணக்கில் பார்த்தார். ஒருநாள் துரை கம்பை இவர் கையில் கொடுத்தார். அப்புறம் வேலையை விட்டு ஊருக்குப் போகும்போது கம்பையே கொடுத்துவிட்டார்.

"நான் வீசுனா தட்டு நடுவுல டங்குன்னு விழும் ஆயிஷா. ஆனா தண்ணியில வீசுனதே கெடையாது. இனிமேதான் பழகணும்."

வெறும் மணலில் மீன் பிடித்தேன் என்று ஒரு மனிதர் சொன்னால் ஆயிஷா வேண்டாம், யாராக இருந்தாலும் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். அவள் "அப்படியா" என்றாள். அவள் "அப்படியா" என்றால் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை என்று அர்த்தம்.

அவர் பள்ளிவாசலுக்குப் போன நேரம் பார்த்துத் தகரப்பெட்டியைத் திறந்தாள். வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன முள். ஒவ்வொன்றிலும் இறகு, சரிகை, சிவப்பு நூல், இறுக்கிப் போட்ட முடிச்சு. ஒன்றிரண்டில் செம்பட்டை நிறத்தில் மயிர். யாருடைய மயிர்? அடுத்த வீட்டுக் குல்சுமைக் கொல்லைப்பக்கமாகக் கூப்பிட்டாள். குல்சுமுக்குத் தெரியாத விஷயம் கிடையாது, தெரிந்த விஷயத்தில் பாதி தப்பு.

"லாத்தா, முடிச்சுல ஊதிச் சூனியம் வைக்கிறதுன்னு சொல்லுவாங்களே, அது இதுதான்" என்றாள் குல்சும், குரலை இறக்கி. "எவளோ அவரக் கட்டிப் போட்டுருக்கா. இதுல இருக்கறது அவ முடிதான்."

இரண்டு பேரும் தெரிந்த சூராக்களையெல்லாம் ஓதி, ஒரு முள்ளை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார்கள். கெட்டது என்றால் மூழ்கும் என்பது குல்சும் கணக்கு. அது மூழ்கவில்லை. கால்களை விரித்துக்கொண்டு தண்ணீர் மேல் ஜம்மென்று நின்றது. கொல்லையில் மேய்ந்த கோழி அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கொத்தப் போனது. ஆயிஷா கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டாள்.

"கோழிக்கே உசுரு மாதிரி தெரியுது பாருங்க. இது சாதாரணப்பட்டது இல்ல" என்றாள் குல்சும்.

உண்மையில் அந்தச் செம்பட்டை மயிர் துரை வளர்த்த நாயினுடையது. அதைக் கேட்டிருந்தால் ஹுமாயூன் சொல்லியிருப்பார். மற்றதையெல்லாம் மூஞ்சிக்கு நேராகக் கேட்கிற ஆயிஷா இதை மட்டும் கேட்கவில்லை. பொத்தான் விஷயம் என்றால் சண்டையோடு போகும். இது உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாள்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. விசா முடிகிற காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் போகிறாரா, இல்லையா? இதற்கு முன்னால் வந்தபோதெல்லாம் லீவு பாதி கழிவதற்குள் பயணப் பேச்சு ஆரம்பித்துவிடும். இந்த முறை வாயே திறக்கவில்லை. அவர் போகக் கூடாது என்பதுதான் ஆயிஷாவின் ஆசை. ஊரில் ஒரு மாடு கன்று போட்டால்கூடச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா வீட்டில்? ஆனால் "போகாதீங்க" என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. சொல்லி, அவர் முகம் மாறினால்? அங்கே யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்பது அந்த நிமிஷமே தெரிந்துபோகும். அதனால் சுற்றி வளைத்து, "எப்பங்க பயணம்?" என்று கேட்டாள். ‘பயணமா, இனிமே எங்கே பயணம்’ என்று அவர் சொல்வார் என்று பார்த்தாள். அவர் "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள்.

மழை விட்டதும் ஹுமாயூன் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார். ஊருக்கு மேற்கே, மலைப்பக்கம் பெய்த தண்ணீரைக் கொண்டுவந்து வெள்ளாற்றில் சேர்க்கிற ஒரு ஓடை உண்டு. தை மாதம் வரைக்கும் பளிங்கு மாதிரி ஓடும். விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு அங்கே போவார், வெயில் ஏறியதும் வருவார். வெறுங்கையோடு வருவார்.

"மீன் எங்க?"

"கெடைக்கல."

தினமும் போகிறவர் தினமும் ஒன்றும் இல்லாமல் வருகிறார் என்றால், அவர் போவது மீனுக்கு இல்லை. ஆயிஷா இந்த முடிவுக்கு வர அதிக நேரம் ஆகவில்லை. அதற்குத் தோதாகக் கீரைக்கார ஆண்டாயியும் ஒரு சேதி கொண்டுவந்தாள்.

"பீவிம்மா, ஒங்க வூட்டு அய்யா ஓடக்கரையில நின்னுக்கிட்டு எதிர்க்கரைக்கு என்னமோ சாடை காட்டுறாருங்க. கம்ப இப்படி முன்னால ஆட்டுறாரு, பின்னால ஆட்டுறாரு. சிமிட்டி ஆபீசுக்கு நெலம் அளக்க வந்தவருன்னு எங்க தெருவுல பேசிக்கிறாங்க. அளக்குறதுன்னா சொல்லிப்புடுங்க, எங்க வூடும் அந்தாண்டதான் இருக்குது."

அரியலூர்ப் பக்கம் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் தோண்ட ஆரம்பித்த நாளிலிருந்து, கையில் கம்பு வைத்திருக்கிற யாரைப் பார்த்தாலும் அந்த ஜனங்களுக்கு நிலம் அளக்க வந்தவராகத்தான் தெரியும். ஆயிஷாவுக்குச் சிமிட்டியும் நிலமும் காதில் ஏறவில்லை. எதிர்க்கரைக்குச் சாடை என்பது மட்டும் ஏறியது.

"எதிர்க்கரையில யாரு?"

"யாருங்க? ஆடு மேய்க்கிறவங்க வருவாங்க, போவாங்க."

"ஆணா, பொண்ணா?"

ஆண்டாயி அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டுந்தாங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் ஹுமாயூன் தெரு முனை திரும்பியதும் ஆயிஷா வெள்ளைத் துப்பட்டியை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள். அந்த ஊர்ப் பெண்கள் வெளியே இறங்கினால் அப்படித்தான், உச்சந்தலையிலிருந்து பாதம் வரை வெள்ளை. கூலித்தெருப் பக்கம் உடம்புக்கு முடியாதவளைப் பார்க்கப் போகிறேன் என்று குல்சுமிடம் ஒரு பொய். குல்சும் நம்பவில்லை. அது வேறு விஷயம்.

ஓடை ஓரிடத்தில் வளைந்து, ஒரு மருத மரத்து வேருக்கடியில் சின்ன மடுவாகத் தேங்கி நிற்கும். அங்கேதான் ஹுமாயூன் நின்றார். கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டியிருந்தார். அவர் நின்ற கரையிலேயே கொஞ்சம் தள்ளி, மேட்டில் நொச்சிப் புதர். ஆயிஷா அதன் பின்னால் போய் உட்கார்ந்தாள். முதலில் எதிர்க்கரையைத்தான் பார்த்தாள். ஒரு ஈ, காக்கை இல்லை. சரி, அவள் இன்னும் வரவில்லை என்று எண்ணிக்கொண்டாள்.

அப்புறம் வேறு வழியில்லாமல் புருஷனைப் பார்த்தாள். அவர் கம்பைத் தலைக்குப் பின்னால் வீசினார். கயிறு பின்னால் நீளமாகப் போய் நிற்க வேண்டும், பிறகு அதே வேகத்தில் முன்னால் வர வேண்டும். பாலைவனத்தில் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒன்றும் கிடையாது. இங்கே பின்னால் வேலிகாத்தான். முள் போய் முள்ளில் மாட்டிக்கொண்டது. போய் எடுத்துவிட்டு வந்தார். அடுத்த வீச்சில் அது அவர் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் போட்டது. ஆயிஷாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துப்பட்டி முனையை வாயில் அடைத்துக்கொண்டாள். சாடை காட்டுகிறவர் இப்படியா தடுமாறுவார்? ஆனாலும் ஆள் பார்க்கிறது என்று தெரிந்தே நடிக்கிறாரோ என்று ஒரு எண்ணம் ஓரமாக வந்து நின்றது.

ஒருத்தியும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. யாரோ அவளுக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள் என்று ஆயிஷா முடிவு கட்டினாள். குல்சும்மேல்கூடச் சந்தேகம் வந்தது. வரட்டும், எத்தனை நாளைக்கு வராமல் இருப்பாள், பார்த்துவிடலாம் என்று விடாமல் போனாள்.

போகப் போக அவள் பார்வை எதிர்க்கரையிலிருந்து மெல்ல இறங்கித் தண்ணீருக்கு வந்தது. இவர் பழகுகிறார் என்பது அவளுக்கே புரிந்தது. நீள வீச்சை விட்டுவிட்டார். ஓடை இத்தனூண்டு, எதற்கு அவ்வளவு கயிறு? கம்பு நீளத்துக்குக் கொஞ்சம்தான் கூடுதலாகக் கயிறு விட்டுக்கொண்டு, கரையில் மண்டி போட்டு, மணிக்கட்டை மட்டும் பக்கவாட்டில் சுண்டினார். கிளைக்கு அடியில் புகுந்து அது போயிற்று. முதலில் கயிறு தண்ணீரில் சப்பென்று அறைந்தது. மேட்டிலிருந்து பார்த்த ஆயிஷாவுக்கு மடுவுக்குள் மீன்கள் தெரிந்தன. விரல் நீளம், மிஞ்சினால் உள்ளங்கை நீளம், கெண்டைப் பொடிகள். வாயைத் திறந்து மேலே விழுகிற பூச்சியைக் குடித்துக்கொண்டிருக்கும். சப்பென்று சத்தம் கேட்டால் சிதறும். நாளாக ஆகச் சத்தம் குறைந்தது. அந்தப் பொய் ஈ தண்ணீர் மேல் வந்து உட்காருவதே தெரியவில்லை. "ஆங், அப்படி" என்று தன்னை அறியாமல் முணுமுணுத்தாள். இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று புதரை விலக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தாள். அவ்வளவுதான், மீன்கள் எல்லாம் வேருக்குள் பாய்ந்து மறைந்தன.

"சே, என்னத்தயோ ஆட்டித் தொலச்சுட்டாரு மனுசன்" என்று வாய்க்குள் திட்டினாள். நல்ல வீச்சு வீணாகப் போயிற்றே என்று அவளுக்கு ஆத்திரம். மறுநாள் இன்னும் கிட்டத்தில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு மடுவில் ஒரு மீன்கூடத் தலை காட்டவில்லை.

இதற்கிடையில் வீட்டில் ஊறுகாய் ஜாடி நிறைந்தது, அவர் கொண்டுபோவதற்கு. போகாதே என்று சொல்லத் தெரியாதவள் வேறு என்ன செய்வாள்? நார்த்தங்காயில் மிளகாய்ப்பொடி பிசையும்போதெல்லாம் அழுகை வந்தது. காரம் என்று சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து ஹுமாயூன் சாப்பிட உட்கார்ந்தார். ஆயிஷா சோறு போட்டாள். மூன்றாவது கவளத்தில் அவர் தானாகப் பேச்செடுத்தார்.

"எல்லாம் சரியாத்தான் வருது ஆயிஷா. கயிறு விழற சத்தம்கூட இல்ல. தொரை பாத்தா கைகுலுக்குவாரு. ஆனா ஒரு கொக்கு வந்து கெடுக்குது."

"கொக்கா?"

"நான் போயி நின்ன கொஞ்ச நேரத்துல வந்துடும். நொச்சிப் பொதருக்குப் பின்னால. முழுசாத் தெரியாது, வெள்ளையா மட்டும் தெரியும். கொக்கக் கண்டா மீனு நிக்குமா? எல்லாம் வேருக்குள்ள போயி ஒளிஞ்சுக்குது. மொதல்ல தூரத்துலதான் இருந்துச்சு. இப்ப தெனம் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வருது."

ஆயிஷா கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. முற்றத்துக் கொடியில் துப்பட்டி காய்ந்துகொண்டிருந்தது, வெள்ளை வெளேர் என்று. அவர் வீச்சில் ஒரு குறையும் இல்லை. மீனை விரட்டியது அத்தனை நாளும் அவள்தான்.

"கல்லெடுத்து எறிய வேண்டியதுதானே" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"பாவம், அதுவும் என்னத்தயோ தேடித்தானே வருது."

"சரி விடுங்க. ரெண்டு கெண்டப் பொடி கெடச்சா என்ன, கெடைக்காட்டி என்ன?"

ஹுமாயூன் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "நான் மனசுக்குள்ள ஒரு நிய்யத்து வச்சிருந்தேன்" என்றார். "இந்த ஓடையில ஒரே ஒரு மீனு அந்த ஈயக் கவ்வுச்சுன்னா இங்கயே இருந்துடறதுன்னு. சிரிக்காத. இருவது வருசம் அங்க கெடந்துட்டேன். இங்க எனக்கு என்ன தெரியும்? ஒரு தடவ லீவுல வந்தப்ப பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல ஓட்டல் போட்டுப் பாத்தேனே, என்ன ஆச்சு? ஒரு ஆளு பேரு தெரியுமா, ஒரு பாதை தெரியுமா? அங்க கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணாவது இந்தத் தண்ணியில செல்லுபடி ஆகுதான்னு பாத்தேன். ஆகல. நீயும்தான் எப்ப பயணம், எப்ப பயணம்னு கேட்டுக்கிட்டே இருக்க. ஊறுகாகூடப் போட்டுட்ட."

ஆயிஷாவுக்குத் தலையில் யாரோ ஓங்கி அடித்தது போல இருந்தது. தான் போகட்டும் என்று இவள் காத்திருக்கிறாள் என்றல்லவா அந்த மனிதர் இத்தனை நாள் எண்ணியிருக்கிறார்! இவள் ஒருத்திதான் சந்தேகக்காரி என்று ஊர் சொல்கிறது. ஒரே கூரைக்கடியில் அவரும் சத்தமில்லாமல் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. கொக்கு நான்தான் என்று சொன்னால், எதற்கு வந்தாய் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்கிற முகம் அவளிடம் இல்லை.

"திங்கக்கெழம பம்பாய்க்கு டிக்கெட்டு" என்றார் ஹுமாயூன். "நாளைக்கு ஒரு தடவ போய்ப் பாக்குறேன். அதோட சரி."

"நாளைக்கு அந்தக் கொக்கு வராது" என்றாள் ஆயிஷா.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"இன்ஷா அல்லாஹ் வராதுன்னு சொல்றேன்."

சனிக்கிழமை விடிந்தது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். தெரு முனை திரும்பினார். ஆயிஷா கூடத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த அடுத்த நிமிஷம் உள்ளேயிருந்து பழைய குரல் கேட்டது. நிய்யத்து, கொக்கு என்பதெல்லாம் கதையாக இருந்தால்? இன்றைக்கு நீ வராமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே ஜோடித்துச் சொல்லியிருந்தால்? கடைசி நாள். இன்றைக்குத்தான் அவள் வருவாள். சின்னம்மா முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஆயிஷா எழுந்தாள். துப்பட்டியை எடுத்துப் போர்த்தினாள். வாசல்படி வரை போனாள். குல்சும் எட்டிப் பார்த்து, "கூலித்தெருவுக்கா லாத்தா?" என்றாள்.

ஆயிஷா உள்ளே திரும்பி வந்தாள். துப்பட்டியைக் கழற்றி மடித்து இரும்புப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டியைப் பூட்டினாள். சாவியைக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் அடி வரைக்கும் அமுக்கினாள். அதற்கப்புறம் அடுப்படியில் போய் உட்கார்ந்து, யா அல்லாஹ், ஒரு மீன், ஒரே ஒரு பொடி மீன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வாழ்க்கையில் நகை கேட்டு துஆ செய்திருக்கிறாள், மகளுக்கு நல்ல மாப்பிள்ளை கேட்டுச் செய்திருக்கிறாள். ஒரு கெண்டைக்காக அழுதது அன்றைக்குத்தான்.

வழக்கமான நேரத்துக்கு ஹுமாயூன் வந்தார். பையைச் சுவரோரம் சாத்தினார், கைலியை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு வேட்டி கட்டிக்கொண்டார். செம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

"இன்னிக்குக் கொக்கு வரல" என்றார்.

"ம்."

"கொஞ்ச நேரம் பாத்தேன், வருமோன்னு. வரல. ஓடையே வெறிச்சுனு இருந்துச்சு."

அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மீனு?"

"கவ்விடுச்சு" என்றார் ஹுமாயூன். "வீசின ஒடனே வந்து கவ்விடுச்சு. உசுரோட தண்ணியில விட்டுட்டேன், தொரை வழக்கம் அது. அப்புறம் என்ன, நிய்யத்துன்னா நிய்யத்துதான். டிக்கெட்ட வேணாம்னு சொல்லிட்டு வரணும். நான் சட்டைய மாத்திக்கிறேன்."

அவர் அறைக்குள் போனார். ஆயிஷாவின் கை, பழகிய கை, தானாகப் பைக்குள் போயிற்று. சக்கரத்தில் சுற்றிய கயிற்றைத் தடவினாள். ஓடையில் நனைந்த கயிற்றைச் சுற்றி வைத்தால் உள்சுற்று மதியம் வரைக்கும் சொதசொதவென்று இருக்கும். இது உலர்ந்து கிடந்தது. நகத்தால் உள்சுற்று வரை விலக்கிப் பார்த்தாள். எங்கேயும் ஒரு பொட்டு ஈரம் இல்லை. கொடியில் அவர் அவிழ்த்துப் போட்ட கைலியின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். அதுவும் காய்ந்திருந்தது, ஒரு சேற்றுத் துளி இல்லை.

அந்த மனிதர் இன்றைக்குத் தண்ணீரில் இறங்கவே இல்லை. கயிற்றை வீசவே இல்லை. கரையில் உட்கார்ந்து நொச்சிப் புதரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து வந்து, மீன் கவ்வியது என்று கூசாமல் ஒரு பொய் சொல்லியிருக்கிறார். கொக்கு யார் என்பதும் அவருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. இருபது வருஷமாக ஒரு நாளாவது பொய்யில் மாட்டமாட்டாரா என்று காத்திருந்த புருஷனைக் கடைசியில் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள் ஆயிஷா பீவி. பிடித்தவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஹுமாயூன் சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். அவள் கை பைக்குள் இருப்பதைப் பார்த்தார். பொத்தான் போடுவதை நிறுத்தினார்.

"என்ன தேடுற?"

"ஒண்ணுமில்லங்க." கயிற்றைப் பழையபடி சுற்றி வைத்தாள். "என்ன மீனுன்னு சொல்லவே இல்லையே."

"கெண்டைதான்."

"எவ்ளோ பெருசு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். இரண்டு கையையும் ஒரு சாண் அகலத்துக்கு விரித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் விரித்தார்.

"பெருசுதான்" என்றாள் ஆயிஷா பீவி.